ஜெகரண்டாவுக்கு வெந்நீர் ஒத்தடம்

“அம்மா, என் மரம் செத்துப்போச்சு.”

“யார் சொன்னா?”

“நான்தான் சொல்லுதேன்.”

“மரம் என்ன சொல்லுது?”

மடத்தில் ‘புதுசு’ என்று கூப்பிடப்படும் அந்தக் கிழவர் தலையைச் சொறிந்தார். மரம் என்ன சொல்லும்? இலையெல்லாம் கறுத்து, வேகவைத்த கீரை மாதிரி தொங்குகிறது. இதற்கு மேல் அது வாயைத் திறந்து வேறு சொல்ல வேண்டுமா?

“விடியக்காலம் பாத்தேம்மா. மரமெல்லாம் ஒரே வெள்ளை. எங்க ஊர்ப்பக்கம் உப்பளத்துல அள்ளிக் குவிச்சிருப்பாங்களே, அந்த மாதிரி. அழகா இருக்கேன்னு நின்னு பாத்துக்கிட்டே இருந்துட்டேன். வெயில் பட்டதும் அம்புட்டும் கறுத்துப்போச்சு.”

“அப்புறம்?”

“வெந்நீர் ஒத்தடம் குடுத்தேன்.”

அம்மா காதை மூடியிருந்த மப்ளரை மெல்ல விலக்கினார்.

“எதுக்கு?”

“விறைச்சுப்போயிருந்துதும்மா.”

இந்தப் புதுசுக்கு வயது அறுபது தாண்டியாயிற்று. வீட்டில் வைத்த பெயர் வீரபாகு. ஏரல் பக்கம் ஒரு டாக்டரிடம் ஆயுசு பூராவும் கம்பவுண்டராக இருந்துவிட்டு, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, ஞானம் தேடி நீலகிரி ஏறி வந்தவர். வெயிலில் பிறந்து வெயிலில் வெந்த மனுஷன். உறைபனி என்றால் ஐஸ் பெட்டிக்குள் இருப்பது என்றுதான் அவருக்குத் தெரியும்.

அம்மா அவரைவிட இருபது வயதாவது இளையவர். மடத்துக்குத் தலைவி. ஆம்பிளை ஸ்வெட்டரும் கம்பூட்ஸும் போட்டுக்கொண்டு தோட்டத்தில் திரிவார். அவரை முதல் தடவை பார்க்கிறவர்கள் அவரிடமே வந்து, “அம்மாவைப் பார்க்கணும், எங்க இருக்காங்க?” என்று கேட்பார்கள். அவரும் உள்ளே கைகாட்டிவிட்டு மண்ணைக் கொத்திக்கொண்டிருப்பார்.

அந்த மடத்தில் மொட்டை, காவி, மந்திரம் ஒன்றும் கிடையாது. வந்தவர் கையில் அம்மா ஒரு பூமரக் கன்றைக் கொடுப்பார். அவ்வளவுதான். அது முதன்முதலாகப் பூக்கிற அன்றைக்கு, அந்தப் பூவை அம்மா முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும். அம்மா ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அன்றிலிருந்து அவர் அந்த மடத்து ஆள், அதுதான் அவர் பெயர். அதுவரைக்கும் கிழவனானாலும் ‘புதுசு’தான்.

வீரபாகுவுக்குக் கிடைத்தது ஜெகரண்டா. பூத்தால் மரம் முழுக்க ஊதாவாக நிற்கும், பார்க்கிறவன் வாயடைத்துப்போவான். ஆனால் பூக்க வேண்டுமே. அவருக்குப் பின்னால் வந்த ஒரு கம்ப்யூட்டர் ஆசாமிக்கு அதிர்ஷ்டம், சீக்கிரம் பூக்கிற மரமாகக் கிடைத்துவிட்டது. வந்த வேகத்தில் பூத்து, சாந்தலிங்கம் என்று பெயரும் வாங்கிவிட்டான். மகன் வயசுப் பயல், “புதுசு, அந்த வாளியை இப்படி நகர்த்துங்க” என்பான். வீரபாகுவுக்கு வயிறு எரியும். எரிகிற வயிற்றோடு வாளியை நகர்த்துவார்.

இந்தப் பங்குனிக்குப் பூத்துவிடும்போல இருக்கிறது என்று அம்மாவே சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் இந்தப் பனி.

அம்மா வந்து மரத்தைப் பார்த்தார்.

பனிக்காலத்தில் கோத்தகிரி மிலார் என்கிற காட்டுச்செடியின் தழையை வெட்டி வந்து கன்றுகளைக் குடிசை மாதிரி மூடிவைப்பது மலையில் வழக்கம். இவருடைய மரம் ஆளுயரம் தாண்டிவிட்டதால் மிலார் பாதிவரைதான் எட்டியிருந்தது. மேலே உள்ளதெல்லாம் பனியில் மாட்டிக்கொண்டது. ஒத்தடம் கொடுத்த இடத்தில் பட்டை லேசாக வெடித்திருந்தது.

“என்ன செய்யணும்மா?”

“ஒண்ணும் செய்ய வேண்டாம்.”

“எதாவது செய்யணுமே.”

“எதுக்கு?”

“வந்த பேஷண்ட்டை வெறுங்கையோட அனுப்பக்கூடாதும்மா. எங்க டாக்டர் அதைத்தான் சொல்லிக் குடுத்தாரு. ஒண்ணுமில்லைன்னாலும் ஒரு சிவப்புத் தண்ணியைக் கலந்து குடுத்துருவேன். ஒண்ணும் குடுக்கலைன்னா அந்த டாக்டருக்கு என்ன தெரியும்னு வேற ஆளைப் பாக்கப் போயிருவாங்க.”

“மரம் எங்கேயும் போகாது” என்று சொல்லிவிட்டு அம்மா போய்விட்டார்.

புதுசு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தார். கருகிய இலையை மட்டும் வெட்டினால் மரம் பார்க்கவாவது லட்சணமாக இருக்கும் அல்லவா? முதல் கிளையில் கத்தரியை வைத்ததும் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு அதை வாங்கிக்கொண்டது.

“கருகின இலைதான் இப்ப அதுக்குப் போர்வை” என்றார் அம்மா. “அடுத்த பனிக்கு வேணும்.”

“அடுத்த பனியா?”

“தை முடியிறவரைக்கும் வரும்.”

கத்தரிக்கோல் அம்மாவின் ஸ்வெட்டர் பைக்குள் போனது. பிறகு எடுத்துவந்த அரிவாளையும் அம்மா வாங்கிக்கொண்டு போனார். புதுசின் கை இரண்டும் என்ன செய்வதென்று தெரியாமல் நமநமவென்று இருந்தது.

அவரால் சும்மா இருக்க முடியவில்லை. மரம் சோர்ந்துபோயிருக்கிறது, சோர்ந்த உடம்புக்கு டானிக் கொடுக்காமல் விடலாமா? சமையற்கட்டுக்குப் பின்னால் போய்க் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்தார். யாரும் பார்க்காத நேரமாகக் கொண்டுபோய் வேரில் ஊற்றினார். நாற்றம் மடம் முழுக்கப் பரவியது. தியானத்தில் இருந்தவர்கள் ஒரு கண்ணைத் திறந்து பக்கத்து ஆளைச் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

டானிக் வேலை செய்தது.

தை பிறந்த கையோடு, உச்சாணியில் ஒரு பச்சைத் தளிர்.

புதுசுக்குத் தரையில் கால் நிற்கவில்லை. சாந்தலிங்கத்தைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார். சமையல்காரர் மௌனசாமியை அடுப்படியிலிருந்து கிளப்பிக் காட்டினார். பால்காரருக்குக் காட்டினார். கடைசியில் அம்மாவையும் கூட்டிவந்தார்.

“பாத்தியளாம்மா? பொழைச்சுக்கிட்டு.”

அம்மா தளிரைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். மண்ணைப் பார்த்தார்.

“பாவம்” என்றார்.

“ஏம்மா பாவம்?”

பதிலைப் பனி சொன்னது. அந்த வாரமே இன்னொரு தடவை விழுந்தது. புண்ணாக்கு ஊட்டி வரவழைத்த பச்சைப்பிள்ளைத் தளிர் கருகியது. கருகல் அதோடு நிற்கவில்லை, இருந்த கொஞ்சச் சத்தையும் தளிர் உறிஞ்சி எடுத்திருந்ததால் அந்தக் கிளை முழுக்கப் பட்டுப்போனது.

புதுசு மரத்தடியில் உட்கார்ந்து அழுதார். பெயர் போய்விட்டதே என்று பாதி அழுகை, அந்தத் தளிரை நினைத்துப் பாதி அழுகை. எது எந்தப் பாதி என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மௌனசாமி டீயோடு வந்தார். மௌனசாமிக்கு வாய் ஓயாது. அம்மா எதை நினைத்து அந்தப் பெயரைக் கூப்பிட்டாரோ, அவருக்கே வெளிச்சம்.

“ஏனுங்க புதுசு, அழுவாதீங்க. உசுரு இருக்குதான்னு பாக்க ஒரு வழி இருக்குதுங்க. நகத்துல பட்டையை லேசாச் சொரண்டிப் பாருங்க. உள்ள பச்சையா இருந்தா உசுரு இருக்குது. காஞ்சு பழுப்பா இருந்தா அது போச்சுன்னு அர்த்தம். டீயைக் குடிங்க, ஆறுதுங்க.”

புதுசு டீயைக் குடிக்கவில்லை. மிலார் தழையை விலக்கினார். சுரண்டினார்.

பச்சை.

அடடா, அந்தப் பச்சையைப் பார்த்ததும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடிமரத்தில் ஒரு நகத்தளவு பச்சை, ஈரமாக, பளபளவென்று. உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறிப்போன டீயையும் குடித்தார்.

மறுநாள் காலையில் ஒரு சந்தேகம். நேற்றுப் பச்சையாக இருந்தது, இன்றைக்கு?

சுரண்டினார். பச்சை.

சாயங்காலம்? சுரண்டினார். இந்தப் பக்கம் சரி, அந்தப் பக்கம்? அதையும் சுரண்டினார். குளிக்கப் போகும்போது ஒன்று, சாப்பிட்டு வரும்போது ஒன்று. ஆஸ்பத்திரியில் நாடி பிடித்துப் பழகிய விரல், சும்மா இருக்குமா?

கொஞ்ச நாளில் அடிமரம் சுரண்டல் லாட்டரிச் சீட்டு மாதிரி ஆகிவிட்டது.

அம்மா அந்த வழியாக வந்தார். நின்றார். மிலாரை விலக்கி மரத்தைச் சுற்றிவந்து பார்த்தார். சுரண்டாத இடம் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினார்.

“என்ன இது?”

“உயிர் இருக்கான்னு பாக்கேம்மா.”

“இருக்கா?”

“இருக்கும்மா. காலையில பாத்தப்போ இருந்துது. இப்ப பாக்கணும்.”

அம்மா தலையை ஆட்டிவிட்டு நேரே அடுப்படிப் பக்கம் நடந்தார். அதுதான் புதுசுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் புதுசு கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்து மூச்சுச் சீராவதற்குள் யாரோ அவருடைய வலது கண் இமையைப் பிடித்துத் தூக்கினார்கள். பார்த்தால் மௌனசாமி.

“வந்துருச்சுங்களா?”

“என்னதுவே?”

“ஞானமுங்க.”

“இல்லவே.”

“சரிங்க” என்று இமையை விட்டுவிட்டுப் போனார்.

மறுபடி கண்ணை மூடினார். சாந்தலிங்கம் வந்து நெஞ்சில் விரலால் தட்டினான். காதை வைத்துக் கேட்டான்.

“வந்துடுச்சா புதுசு?”

“இல்லப்பா.”

“நேத்து எப்படி இருந்துச்சு?”

“நேத்தும் இல்ல.”

“சரி, மத்தியானம் வந்து பார்க்கிறேன்.”

மத்தியானம் வந்தான். சோற்றை உருட்டி வாய்க்குக் கொண்டுபோகும் நேரத்தில் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தான். குளிக்கிற இடத்தில் கதவைத் தட்டி, “வந்துருச்சுங்களா?” என்றார் மௌனசாமி. சாயங்காலம் பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து இமையைத் தூக்கினார். அவருக்கு எதற்காகத் தூக்குகிறோம் என்று தெரியாது. எல்லாரும் தூக்குகிறார்களே என்று தூக்கினார்.

இப்படியே நாலைந்து நாள். புதுசுக்குக் கண் சிவந்துவிட்டது. தியானமாவது மண்ணாவது, நிம்மதியாக ஒரு கொட்டாவிகூட விட முடியவில்லை. வாயைத் திறந்தால் எவனாவது ஓடிவந்து உள்ளே பார்க்கிறான்.

அம்மாவிடம் போய் நின்றார்.

“அம்மா, இது நல்லா இல்ல.”

“எது?”

“இமையைத் தூக்குதாங்கம்மா. நெஞ்சைத் தட்டுதாங்க. நானும் உக்காந்துதான் பாக்கேன், விட்டாத்தானே? இப்படி நிமிஷத்துக்கு ஒருதரம் நோண்டினா வரவேண்டியதும் வராதும்மா.”

அம்மா மிலார் தழையைக் கட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

“மரம் இதுவரைக்கும் என்கிட்ட வந்து புகார் சொல்லலை” என்றார்.

புதுசு தன்னுடைய வலதுகைக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தார். நகத்துக்கு அடியில் பச்சையாக இருந்தது.

அன்றைக்கே நகத்தை ஒட்ட வெட்டிவிட்டார். இமையைத் தூக்குவதும் நின்றது. பால்காரருக்கு மட்டும் யாரும் சொல்லாததால் அவர் இன்னும் ஒரு வாரம் தூக்கிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு புதுசு மரத்தடியில் வந்து உட்காருவார். இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். ஆரம்பத்தில் அது பெரிய அவஸ்தையாகத்தான் இருந்தது. கை கக்கத்துக்குள்ளேயே புரண்டு புரண்டு படுத்தது. பொழுது போகாமல் மரத்திடம் பேச ஆரம்பித்தார். ஊர்க்கதை, ஆற்றுக்கதை, ஊசி என்றதும் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடிய நாட்டாமை கதை. சிரிப்பு வந்தால் தனியாகச் சிரித்துக்கொள்வார். வேருக்கு மேலே சருகு மட்டும் போட்டுவைத்தார். அதற்கு அம்மா தடை சொல்லவில்லை.

சில நாள், வந்து உட்கார்ந்து எழுந்து போகும்போதுதான் மரத்தை இன்றைக்குப் பார்க்கவே இல்லையே என்று ஞாபகம் வரும்.

மாசி போய்ப் பங்குனி வந்தது. காற்றில் கடி குறைந்தது. ஒருநாள் மிலார் மூடாக்கை எடுத்தபோது, அடிமரத்தைச் சுற்றிக் குட்டிக் குட்டியாய்த் தளிர்கள். யாரும் ஊட்டாமல், தானாக வந்தவை.

மேலே அண்ணாந்து பார்த்தார். எல்லாம் பட்டுப்போயிருந்தது, ஒரே ஒரு கிளையைத் தவிர. ஒத்தடத்தில் வெடித்த இடத்துக்கு மேலே, ஒரு பக்கப் பட்டையை மட்டும் பிடித்துக்கொண்டு அந்தக் கிளை எப்படியோ உயிரோடு இருந்தது. அதன் நுனியில் ஒரு கொத்து மொட்டு. ஊதா நிறம் எட்டிப்பார்க்க ஆரம்பித்த மொட்டு.

புதுசு அம்மாவைக் கூப்பிட ஓடினார்.

அம்மா ரம்பத்தோடு வந்தார். மொட்டைப் பார்த்தார். வெடிப்பில் விரலை வைத்துப் பார்த்தார்.

“வெடிப்பு உள்ள இறங்கியிருக்கு. இதுக்குள்ள மழைத்தண்ணி போச்சுன்னா அழுகல் கீழ வரைக்கும் போகும். தளிர் நிக்காது. இதுக்குக் கீழ வெட்டணும்.”

“மொட்டு இருக்கேம்மா.”

“இருக்கு.”

“எப்ப விரியும்?”

“ஒரு வாரம், பத்து நாள்.”

“மழை?”

அம்மா மேற்கே பார்த்தார். மலைக்கு அந்தப் பக்கம் வானம் கறுத்துக்கிடந்தது.

“வெட்டிட்டா அடுத்து எப்பம்மா பூக்கும்?”

“புதுசா வளரணும். நாலு வருஷமோ, அஞ்சோ. சில மரம் பத்துகூட எடுத்துக்கும்.”

“அதுவரைக்கும் நான்...”

“புதுசுதான்.”

சொல்லிவிட்டு அம்மா ரம்பத்தை மரத்தில் சாய்த்துவைத்தார். வராந்தாவுக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்து, கம்பூட்ஸில் ஒட்டியிருந்த சேற்றைக் குச்சியால் தோண்டி எடுக்க ஆரம்பித்தார்.

புதுசு நின்றார். மேலே மொட்டைப் பார்த்தார். இன்னும் பத்து நாள் பொறுத்தால் பெயர். செத்த பிறகு கல்லில் வெட்டினாலும் அந்தப் பெயரைத்தான் வெட்டுவார்கள். பத்து வருடம் என்றால் எழுபதைத் தாண்டிவிடும், அதுவரை உயிர் கிடக்குமோ என்னவோ. கீழே குனிந்து தளிர்களைப் பார்த்தார். ஒன்றில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. ஊதித் தள்ளினார்.

இடி உருண்டது.

“சே” என்றார் புதுசு. ரம்பத்தை எடுத்தார்.

வெடிப்புக்குக் கீழே, பட்டை முழுசாக இருக்கும் இடம் பார்த்து ரம்பத்தை வைத்து அறுத்தார். மரத்தூள் முகத்தில் தெறித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, தூள் விழுந்ததால் அல்ல. அறுத்து முடித்ததும் மேல்மரம் மொட்டோடு சேர்ந்து மடாரென்று சாய்ந்தது.

சத்தம் கேட்டு மௌனசாமி அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார்.

“அய்யய்யோ, என்ன பண்ணிட்டீங்க! மொட்டு இருக்குதுங்களே. ஏனுங்க, இந்தக் கொத்தை உடனே தண்ணியில வெச்சா ரெண்டு நாள்ல விரிஞ்சுருங்க. கொண்டுபோய் அம்மா முன்னால வெச்சுரலாம். பூ பூத்தது பூத்ததுதானுங்களே. மரத்துல பூத்துதா சொம்புல பூத்துதான்னு யாரு கேக்கப் போறாங்க?”

“நகரும்வே” என்றார் புதுசு. “வெட்டுவாய் மட்டமா இருக்கு, தண்ணி நிக்கும். சரிச்சு வெட்டணும்.”

மறுபடி குனிந்து, வெட்டின இடத்தைச் சரிவாக அறுத்தார். தளிர்மேல் தூள் விழாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டார். முதல் தூற்றல் முதுகில் விழுந்தது.

“தணிகாசலம்” என்று வராந்தாவிலிருந்து அம்மா கூப்பிட்டார்.

மௌனசாமி அதற்குள் ஒடித்துக் கையில் வைத்திருந்த மொட்டுக்கொத்து கீழே விழுந்தது. மடத்தில் அந்தப் பெயரில் யாரும் கிடையாது. சாந்தலிங்கம் ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தான்.

புதுசு வெட்டுவாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“தணிகாசலம்.”

“ஏனுங்க” மௌனசாமி அவருடைய தோளைத் தொட்டார். “அம்மா கூப்பிடறாங்க.”

“ஆரோ வந்திருக்காங்க போல. அவங்களைக் கூப்பிடுதாங்க” என்றார் புதுசு, திரும்பிப் பார்க்காமல். “அந்தச் சாணியை இங்கிட்டு எடும்வே. மழை வலுக்கதுக்குள்ள வெட்டுவாயில அப்பிரணும்.”